ஆடியில் வரும் பிள்ளைகளுக்கு ஒரு நாரை

நம் பழைய மாணவர் சங்கத்துப் பிள்ளைகள் ஊருக்குப் போவது ஜூலை, ஆகஸ்டில். வளைகுடாப் பள்ளிகளுக்கு அப்போதுதான் பெரிய லீவு. திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளம் சரணாலயத்துக்கு வரும் பறவைகளோ டிசம்பர் கடைசியில் வரத் தொடங்கி, கூடு கட்டி, குஞ்சு பொரித்து, ஜூன், ஜூலைக்குள் குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். நம் பிள்ளைகள் விமானம் விட்டு இறங்குகிற நேரத்தில் குளம் வற்றி, கூடு காலியாகி, ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். அவர்களுக்குத் தெரிந்த திருநெல்வேலி என்பது அல்வாக்கடை, குற்றாலச் சாரல், ஆச்சி வீட்டுத் திண்ணை, அவ்வளவுதான்.

இந்தக் குறை எனக்கு வெகுநாளாக உண்டு. என் சொந்த ஊர் மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கம். நாரை பறக்காத தை மாதத்தை நான் சிறுவயதில் பார்த்ததே இல்லை. சார்ஜாவுக்கு வேலைக்கு வந்த பிறகு ஒரு நாள் அம்மா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஓட்டு வீடு, முற்றத்தில் வேப்பமரம், மரம் முழுக்க மஞ்சள் மூக்கு நாரை. நம் பள்ளியில் எனக்கு நான்கு வருடம் மூத்த அண்ணன் ஒருவர் பக்கத்து ஃபிளாட்டில் இருக்கிறார். அவருடைய மகன், ஒன்றாம் வகுப்புப் படிக்கிறவன், படத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, இது ஜூவா? கூண்டு எங்கே?" என்று கேட்டான்.

கூண்டு இல்லை, இது ஒரு ஆச்சியின் வீடு என்றேன். "அப்போ யார் சாப்பாடு போடுவாங்க?" யாரும் போட மாட்டார்கள், அதுவே குளத்தில் மீன் பிடித்துக்கொள்ளும் என்றேன். "அப்போ ஏன் அங்கேயே இருக்கு?" அதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளுக்காக நான் எழுதிய நாரைப் படப் புத்தகம் தொடங்கியது அந்தக் கேள்வியில்தான். சங்க மலர்க்குழு அண்ணாச்சி "புத்தகம் எழுதின அனுபவத்தை எழுது தம்பி" என்று கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவன் அவன்தான்.

அடுத்து நினைவுக்கு வந்தவர் நம் தமிழையா. பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அவரிடம் படித்தவர்களுக்கு யாரென்று தெரியும்.

சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டை அவர் எங்களுக்கு நடத்தியது பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த வாரம். குளிரில் வாடிக்கொண்டு மதுரையில் கிடக்கிற ஒரு ஏழைப் புலவர், வானத்தில் போகிற நாரையைப் பார்த்து, ஊரில் இருக்கும் தன் மனைவியிடம் சேதி சொல்லச் சொல்கிற பாட்டு. அதில் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிடுவார். எங்கள் வகுப்பில் பனங்கிழங்கு தின்னாதவன் கிடையாது. பொங்கல்படியில் கரும்புக்கட்டோடு கிழங்குக்கட்டும் வராத வீடு நம் பக்கத்தில் ஏது? ஆனாலும் ஐயா பையிலிருந்து மஞ்சள் போட்டு அவித்த ஒரு கிழங்கை எடுத்தார். தோலை உரித்து, நுனியிலிருந்து மெல்ல இரண்டாகப் பிளந்து, முழுக்கப் பிரிந்துவிடாமல் அடியில் பிடித்துக்கொண்டு, வரிசை வரிசையாக நடந்து வந்து எங்கள் முகத்துக்கு நேரே காட்டினார். அடி தடித்து, நுனி கூர்ந்து, லேசாக வளைந்து, அப்படியே ஓர் அலகு.

"ஏல, பாட்டை மனப்பாடம் பண்ணுதது அப்புறம். மொதல்ல கெழங்கப் பாரு. அவரு பாத்துட்டுல்லா எழுதியிருக்காரு" என்றார்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். அந்தப் பாட்டில் வரும் நாரை குமரியில் நீராடிவிட்டு வடக்கே போகிற நாரை. குமரியிலிருந்து வடக்கே போக வேண்டுமென்றால் நம் தலைக்கு மேலே போய்த்தான் ஆக வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். எழுத்து என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கிழங்கில் இருந்து வந்தது. பிற்பாடு எத்தனையோ பட்டறை, பயிற்சி என்று போனாலும் அதற்கு மேல் ஒன்றும் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எனவே எழுத உட்காருவதற்கு முன் பார்க்கப் போனேன். மாசி மாதம் லீவு கிடைத்தது. கூந்தன்குளத்தை 1994-இல் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஆனால் ஊர் மக்கள் அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே பறவைகளைக் காத்து வருகிறார்கள். மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிரப்புகிற குளம். கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், இமயமலை தாண்டி வருகிற பட்டைத்தலை வாத்து, சில வருடம் பூநாரை என்று எல்லாம் வரும். எனக்கு மஞ்சள் மூக்கு நாரை ஒன்றே போதும் என்று முடிவு செய்தேன். சின்னப் பிள்ளைக்கு ஒரு புத்தகத்தில் ஒரு பறவைதான் நண்பனாக முடியும். பறவைப் பட்டியல் கொடுத்தால் அது பாடப் புத்தகம் ஆகிவிடும்.

ஊருக்குள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு. கீழே எச்சம், மீன் வாடை. அந்த மண்ணை வாரி வயலுக்கு உரமாகப் போட்டுக்கொள்கிறார்கள். குளத்து நீரிலும் எச்சம் கலப்பதால் பாய்கிற வயலுக்கெல்லாம் சத்து. தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்பது உங்களில் பலரும் கேள்விப்பட்டதுதான். திண்ணையில் இருந்த ஆச்சி ஒருத்தியிடம் அதைக் கேட்டேன். "பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பிள்ளையள வெடி போட்டு வெரட்டுவாவளா ஐயா?" என்று திருப்பிக் கேட்டாள். "ஏன் அங்கேயே இருக்கு?" என்று கேட்டவனுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அந்த வாக்கியம் அப்படியே புத்தகத்தில் இருக்கிறது, ஆச்சியின் வாயாலேயே.

பகல் பன்னிரண்டு மணி வாக்கில் நான் பார்த்த காட்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூட்டில் இரண்டு குஞ்சு, இன்னும் வெள்ளைத் தூவி மாறவில்லை. தாயோ தகப்பனோ, இரண்டுக்கும் நிறம் ஒன்றுதான், கூட்டின் விளிம்பில் நின்று இரண்டு சிறகையும் பாதி விரித்து வெயிலை மறைத்துக்கொண்டிருந்தது. குஞ்சுகள் அந்த நிழலுக்குள் ஒடுங்கிக் கிடந்தன. நேரம் ஆக ஆக நிழல் நகர்ந்தது. ஒரு குஞ்சின் தலை நிழலுக்கு வெளியே வந்தது. உடனே பெரிய நாரை காலை மாற்றி வைத்து, உடம்பைத் திருப்பி, நிழலை மறுபடி குஞ்சின் மேல் கொண்டுவந்து போட்டது. திரும்ப வெயில் நகர, திரும்ப அது நகர்ந்தது. மேல் அலகும் கீழ் அலகும் சற்றே திறந்து மூச்சு வாங்கியதே தவிர, சிறகை மடக்கவில்லை. வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அந்த மரத்தடியில் போன பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்கு அது தினசரிக் காட்சி.

என் புத்தகத்தின் நடு நான்கு பக்கமும் இதுதான். சூரியன் இடமிருந்து வலமாகப் போகும், நாரை திரும்பிக்கொண்டே இருக்கும். அந்த நான்கு பக்கத்தில் மொத்தம் ஆறே வரி.

இன்னொரு விஷயம், சத்தம். வளர்ந்த மஞ்சள் மூக்கு நாரைக்குக் குரல் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. அலகோடு அலகை அடித்துத்தான் பேசும். குஞ்சுகள்தான் கத்தும். குழந்தைக் கதையில் பறவை பேசாமல் எப்படி என்று பலர் கேட்டார்கள். "டக், டக், டகடகடக" என்று எழுதினேன். பிள்ளைகளுக்கு அது போதும் என்று நம்பினேன், போதுமாகவே இருந்தது.

எழுதி முடித்த பிறகு பதிப்பகம் தேடிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பதிப்பகத்தார் கடைசிப் பக்கத்தில் "நீதி: பறவைகளிடம் அன்பு காட்ட வேண்டும்" என்று போடச் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. நிழலுக்காக அரைநாள் நின்ற நாரையைப் பார்த்த பிள்ளைக்கு அதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா? அதில் எனக்கு இன்றும் உறுதி உண்டு. வேறு ஒரு பதிப்பகம் அப்படியே ஏற்றுக்கொண்டது.

அங்கே பதிப்பாசிரியராக இருந்த பெண்மணி எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஏராளம். படப் புத்தகம் எட்டு எட்டுப் பக்கமாகத்தான் மடியும், அதனால் 16, 24, 32 என்றுதான் போக முடியும். தலைப்புப் பக்கமும் பதிப்பு விவரமும் போக மிச்சம் இருப்பதில்தான் கதை. வெள்ளைத் தாளை மடித்துப் பின் அடித்து, கையாலேயே ஒரு மாதிரிப் புத்தகம் செய்து, வாக்கியங்களைப் பென்சிலில் எழுதி, பக்கம் புரட்டிப் புரட்டிப் பார்க்கச் சொன்னார். அப்போதுதான் தெரிந்தது, கேள்வி வலப்பக்கத்தில் முடிய வேண்டும், பதில் புரட்டினால் கிடைக்க வேண்டும். "குஞ்சு எங்கே?" என்று ஒரு பக்கம் முடியும். புரட்டினால் சிறகுக்கடியில் இருக்கும். பிள்ளையின் விரல் தாளின் ஓரத்துக்குத் தானாகப் போகும். அவர் அடிக்கடி சொன்ன இன்னொன்று, படத்தில் இருப்பதை எழுத்து சொல்ல வேண்டாம் என்பது. மரத்தின் பச்சையையும் வானத்தின் நீலத்தையும் வர்ணித்த வரிகள் எல்லாம் போயின. போனதில் வருத்தமில்லை, படம் வரைந்த தென்காசிப் பக்கத்துத் தம்பி அதையெல்லாம் தூரிகையால் எழுதிவிட்டான். அவனும் கூந்தன்குளத்துக் கரையில் உட்கார்ந்து வரைந்தவன். அலகின் மஞ்சளைப் பிடிக்க அவன் பட்ட பாட்டைப் பார்த்து, தமிழையாவின் கிழங்குக் கதையைச் சொன்னேன். மறுநாள் சந்தையில் கிழங்கு வாங்கி வந்து மேசை மேல் வைத்துக்கொண்டு நிறம் கலந்தான்.

அச்சுக்குப் போகும் முன் எங்கள் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் வாசித்துக் காட்டினேன். தரையில் வட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், குஞ்சு கீழ விழுந்துட்டுன்னா யாரு எடுப்பா?" என்றான். கூடு உள்ள ஊர்ப் பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி வரும். காற்றில் குஞ்சு விழுவதை அவன் கண்ணால் கண்டவன். அதற்குப் பதிலும் அந்த வகுப்பிலேயே வந்தது. கூந்தன்குளத்துப் பறவைக் காவலர் பால்பாண்டியின் பெயரை நான்கைந்து பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் ஊட்டி, பறக்கிறவரை வளர்த்துவிட்ட மனிதர். எங்கள் சீமையில் அவரைத் தெரியாதவர் குறைவு. புத்தகத்தில் ஒரு பக்கம் கூடியது. காக்கிச்சட்டைத் தாத்தா ஒருவர், கையில் சின்ன மீன், எதிரே வாயைத் திறந்த குஞ்சு. அந்தப் பக்கத்துக்கு எழுத்தே வைக்கவில்லை.

இங்கே நம் சங்கப் பொங்கல் விழாவில் வாசித்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கும் இங்குள்ள பிள்ளைகளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் காதுக்கு வரும், கண்ணுக்கு வராது. ஆகவே இது பிள்ளை தானே படிக்கிற புத்தகம் மட்டும் அல்ல, அப்பாவோ அம்மாவோ மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கிற புத்தகம். ஒரே மூச்சில் சொல்ல முடியாத வாக்கியம் எதுவும் இருக்கக் கூடாது என்று எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி வெட்டியிருந்தேன். விழாவில் நான் வாசிக்க, அந்த ஒன்றாம் வகுப்புக்காரன் (இப்போது மூன்றாவது) பென்சில் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்கேலை எடுத்து ஒன்றோடொன்று அடித்தான். டக், டக், டகடகடக. கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்க ஸ்கேல், ஸ்பூன், கைதட்டல். ஆச்சி வசனம் வந்தபோது பின்வரிசையில் இருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். நம் ஊர்ப் பேச்சை மைக்கில் கேட்டு நாளாகிவிட்டது அவர்களுக்கு.

அன்றைக்குப் பலரும் கேட்டதற்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் லீவில் ஊருக்குப் போகிறவர்கள் லீவின் கடைசி நாட்களில் கூந்தன்குளம் போங்கள். பறவைகள் வரத் தொடங்கியிருக்கும், மழை நன்றாகப் பெய்து குளம் நிரம்பியிருந்தால். திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக 38 கிலோமீட்டர். வெயில் ஏறும் முன் காலையிலேயே போய்ச் சேர்வது நல்லது. ஊருக்குள் நுழைந்ததும் காரில் ஹார்ன் அடிக்காதீர்கள். திண்ணையில் ஆச்சி யாராவது இருந்தால் பிள்ளையை அவளிடம் பேச விடுங்கள், நீங்கள் குறுக்கே விளக்கம் சொல்ல வேண்டாம்.

அடுத்து பத்தமடைப் பாயைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறேன். தாமிரபரணிக் கரையில் விளைகிற கோரையைத் தண்ணீரில் ஊறப் போட்டு, இழை இழையாகப் பிளந்து, சாயம் ஏற்றி, துணி போல மெல்லிசாக நெய்கிற பாய். வருகிற லீவில் நெசவு நடக்கும் வீடுகளுக்குப் போய் உட்காருவதாக ஏற்பாடு. அதற்கு முன் எனக்கு ஓர் உதவி வேண்டும். உங்கள் வீட்டில் கல்யாணப் பாய் ஏதாவது இருந்தால் அதைப் பரணில் இருந்து இறக்கி, பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். படுத்தும் பார்க்கட்டும். அவர்கள் என்ன கேட்கிறார்களோ அதை அப்படியே, திருத்தாமல், சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். செயலாளர் எனக்கு அனுப்பி வைப்பார்.