சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்

இன்சுலின் சிரிஞ்சில் இரண்டு வகை உண்டு. சிவப்பு மூடி போட்டது, ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும் மருந்துக்கு. ஆரஞ்சு மூடி போட்டது, 100 யூனிட் மருந்துக்கு. இந்தியாவில் இரண்டு மருந்துமே புழக்கத்தில் இருப்பதால் இரண்டு சிரிஞ்சும் இருக்கின்றன. நான் வேலை பார்த்த வார்டுகளுக்கு 40 யூனிட் குப்பிதான் வரும். ஆனால் நோயாளிகள் வெளியில் வாங்கி வரும் சில இன்சுலின் 100 யூனிட் குப்பியில் இருக்கும். அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 20க்குப் பதில் வெறும் 8.

அந்த 50 யூனிட் இரவு ஊசியாகப் போனால், வார்டே தூங்கும் நேரத்தில் சர்க்கரை இறங்கும். வியர்த்துக் கொட்டி, உளறி, நினைவு தப்புகிறவரைப் பார்த்து, அசந்து தூங்குகிறார் என்று பக்கத்தில் இருப்பவர் நினைத்துக்கொள்வார்.

நோயாளிப் பாதுகாப்பில் செவிலியருக்கு என்ன பங்கு என்று பயிற்சி வகுப்புகளில் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் இந்தச் சிரிஞ்சுதான் ஞாபகம் வரும். மருத்துவர் எழுதுகிறார், மருந்தாளுநர் எடுத்துக் கொடுக்கிறார், நாங்கள் போடுகிறோம். முதல் இருவரின் பிழையைப் பிடிக்க அவர்களுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். எங்களுக்குப் பின்னால் நோயாளியின் நரம்புதான் இருக்கிறது.

ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து எங்கள் மெடிசின் வார்டுக்கு மாற்றலாகி வந்த பெரியவர் ஒருவர் தன் இன்சுலினைக் கையோடு கொண்டு வந்திருந்தார். இரவு டூட்டியில் இருந்த இளம் செவிலியர் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. வார்டு ட்ரேயில் இருந்த சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்தவள், குப்பியின் லேபிளைப் படித்துவிட்டு நின்றாள். என்னிடம் கொண்டுவந்து காட்டி, "அக்கா, இதுல நூறுன்னு போட்டிருக்கு, சரியா வருமா?" என்று கேட்டாள். ஆரஞ்சு மூடி சிரிஞ்சு வெளியிலிருந்து வாங்கி வரப்பட்டது. ஊசி கொஞ்சம் தாமதமாகப் போனது, அவ்வளவுதான். பெரியவருக்கு ஒன்றும் தெரியாது. கேஸ் ஷீட்டிலும் அப்படி ஒன்று நடந்ததற்கான அடையாளம் கிடையாது.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். தவறு நடந்திருந்தால் விசாரணை, மெமோ, விளக்கக் கடிதம் என்று ஒரு கோப்பே உருவாகியிருக்கும். தவறைத் தடுத்தவளுக்கு ஒரு வரிகூட இல்லை. செவிலியர் வேலையின் பெரும்பகுதி இப்படித்தான் எந்தக் கணக்கிலும் ஏறாமல் போகிறது. கணக்கில் ஏறாததற்கு ஆள் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை.

பெயர் சரிபார்ப்பும் அந்த வகைதான். எங்கள் பக்கத்து வார்டுகளில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று முருகன், இரண்டு மூன்று லட்சுமி இருப்பது சாதாரணம். "நீங்க முருகன்தானே?" என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் "ஆமா" என்பார். காது கேட்காதவர் தலையாட்டுவார். அதனால் "உங்க பேர் என்னங்கய்யா?" என்றுதான் கேட்க வேண்டும், அவர் வாயால் வர வேண்டும். பிறகு உள்நோயாளி எண்ணை ஒப்பிட வேண்டும். கட்டில் எண்ணை ஒருபோதும் நம்பக் கூடாது. ஃபேன் காற்று வரவில்லை என்று இரவோடு இரவாகப் பக்கத்துக் கட்டிலுக்கு மாறிப் படுத்துவிடுவார்கள். கூட்டமான நாட்களில் கட்டிலே கிடைக்காமல் பாயில் படுத்திருப்பவர்களும் உண்டு. வயதான அம்மாக்களிடம் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் சொல்லமாட்டார்கள். "பழனியில இருக்காரே, அவரு பேரு" என்பார்கள். அதற்கும் நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும், குறிப்பாக ரத்தம் ஏற்றும்போது. இரண்டு பேர் சேர்ந்து பையையும் நோயாளியையும் ஒப்பிட்டுப் பார்த்து, முதல் 15 நிமிடம் கட்டில் பக்கத்திலேயே இருந்து, குளிர் நடுக்கமோ இடுப்பு வலியோ வருகிறதா என்று கவனிக்க வேண்டும். பொருந்தாத ரத்தம் ஏறிவிட்டால் பெரும்பாலும் அந்த நிமிடங்களிலேயே தெரிய ஆரம்பிக்கும்.

மழைக்காலத்தில் டெங்கு வார்டில் இருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. காய்ச்சல் இறங்கியதும் வீட்டார் முகம் மலர்ந்துவிடும். "காய்ச்சல் விட்டுருச்சு சிஸ்டர், நாளைக்குப் பேரு வெட்டி அனுப்பச் சொல்லுங்க" என்பார்கள். டெங்குவில் ஆபத்து தொடங்குவதே பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். ரத்த அழுத்தத்தில் மேலே இருக்கும் எண்ணை மட்டும் பார்த்தால் 100 என்று நன்றாகவே தெரியும். கீழே இருக்கும் எண் 80க்கு ஏறியிருந்தால் இரண்டுக்கும் இடைவெளி 20தான். அது உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலையின் (ஷாக்) அறிகுறி. கை கால் சில்லிட்டிருக்கும், நாடி வேகமாக ஓடும், ஆனால் பையன் எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். மேல் எண் விழும்வரை காத்திருந்தால் மீட்பது ரொம்பக் கஷ்டம்.

அப்படி ஒரு பையனுக்கு இந்த இடைவெளி குறைந்துகொண்டே வருவதை எங்கள் வார்டில் ஒரு செவிலியர் மணிக்கு மணி எழுதிய எண்களிலிருந்து கண்டுபிடித்தார். டியூட்டி டாக்டரை எழுப்பிய விதத்தையும் சொல்ல வேண்டும். "சார், பையன் கொஞ்சம் டல்லா இருக்கான்" என்று அவர் சொல்லவில்லை. "சார், டெங்கு, காய்ச்சல் விட்டு ஆறு மணி நேரம் ஆச்சு. பிபி 110க்கு 80 இருந்தது, இப்ப 100க்கு 80. கை சில்லுன்னு இருக்கு, யூரின் குறைஞ்சிருக்கு. ஷாக் ஆகுதோன்னு பயமா இருக்கு, இப்பவே வந்து பாருங்க" என்றார். நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என்று இந்த வரிசையில் பேசுவது அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி மருத்துவமனைகளுக்கு வந்த முறை. எங்கள் ஊர் வார்டுக்கு அது அப்படியே பொருந்துகிறது. மருத்துவர் உடனே வந்தார், ட்ரிப்ஸ் அளவு கூட்டப்பட்டது, பையன் பிழைத்தான்.

எல்லா மருத்துவரும் அப்படி வருவதில்லை. பெரிய டாக்டரிடம் "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்ல இன்றும் பல செவிலியருக்குத் தொண்டை அடைக்கிறது. கேட்டதற்காகத் திட்டு வாங்கியவள் அடுத்த முறை கேட்பதற்கு யோசிப்பாள். அந்த யோசனைக்கு விலை கொடுப்பவர் நோயாளி. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை நான் மதிப்பது இதனால்தான். கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் நின்று நோயாளியின் பெயர், என்ன அறுவை, எந்தப் பக்கம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். டெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்துப் பார்த்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. அறுவை அரங்கில் "நிறுத்துங்க" என்று சொல்லும் உரிமையைத் தனி ஒருத்தியின் தைரியத்துக்கு விடாமல் விதியாகவே எழுதி வைத்தது பெரிய காரியம். வார்டுகளுக்கும் அப்படி ஒரு விதி வேண்டும்.

இன்சுலின் விஷயத்துக்குப் பிறகு எங்கள் வார்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். தடுக்கப்பட்ட தவறுகளை மட்டும் அதில் எழுத வேண்டும். யார் செய்தார், யார் பிடித்தார் என்ற பெயர் கிடையாது. முதலில் யாரும் எழுதவில்லை. எழுதினால் பின்னால் பிரச்சினை வரும் என்ற பயம். எழுதியதற்காக ஒருவரும் கூப்பிட்டு விசாரிக்கப்படவில்லை என்று தெரிந்த பிறகுதான் பக்கங்கள் நிரம்பின. யூனிட் என்பதை ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கி எழுதினால் அவசரக் கையெழுத்தில் அது சுழியம் போலத் தெரிந்து, 10 என்பது 100 ஆகிறது என்று ஒரு பக்கம். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல், மருந்து கரைக்க எடுக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கை மாறிவிடலாம் என்று இன்னொரு பக்கம். பொட்டாசியத்தைக் கரைக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். மறுநாளே அது தனி அலமாரிக்குப் போய்ப் பூட்டப்பட்டது. அதற்கு எந்தச் செலவும் ஆகவில்லை.

செலவு ஆகிற விஷயம் ஒன்று உண்டு, ஆள். போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா எய்கனின் குழு செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அறுவை சிகிச்சைக்குப் பின் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவது தெரிந்தது. நம் ஊரில் இரவில் ஒரு வார்டையே ஒருத்தி பார்க்கிறாள்.

நோயாளி மோசமாகப் போவதை முதலில் காட்டிக்கொடுப்பவற்றில் ஒன்று மூச்சு. அதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் சார்ட்டைத் திறந்தால் வரிசையாக 20, 20, 20 என்று இருக்கும். சோம்பேறித்தனம் என்று திட்டுவது எளிது. 50 பேருக்கு மூச்சை மட்டும் எண்ணவே 50 நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்த மருந்து நேரம் வந்துவிடும், ஒரு ட்ரிப்ஸ் முடிந்திருக்கும், புது அட்மிஷன் ஸ்ட்ரெச்சரில் வாசலில் நிற்கும். இரவுக்கு இன்னொரு செவிலியர் வேண்டும் என்று இந்தக் கணக்கைப் போட்டுத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூடவே அந்த நோட்டுப் புத்தகத்தையும் நகலெடுத்து இணைத்திருக்கிறேன்.