ஓரியூர்: செம்மண்ணைத் தொட்ட பிறகு

இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூருக்கு வருகிறவர்கள் முதலில் குனிவது செம்மண்ணுக்குத்தான். பாம்பாற்றங்கரையில் 1693 பிப்ரவரி 4 அன்று புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) வெட்டுண்ட இடம் இது. அந்த வருடம் அது தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். லிஸ்பனில் பிறந்தவர், காவி உடுத்து, மரக்கறி உண்டு, மறவர் சீமையில் வேதம் போதித்த சேசு சபைத் துறவி. மறவர் தலைவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒருத்தியைத் தவிர மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சீமையை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு உறவுப்பெண். வினை அங்கே தொடங்கியது. அருளானந்தரின் இரத்தத்தில்தான் மண் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை.

மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளலாம், ஒரு சிட்டிகை பொட்டலமாகவும் எடுத்துப் போகலாம். தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டாம், பிள்ளைகளுக்கு அறவே கூடாது. மண் புனிதரின் நினைவு. ஆண்டவரின் பிரசன்னத்தைத் தேடி வந்தவர்கள் அதோடு பஸ் ஏறிவிட்டால் பாதி வழியில் திரும்பியதாகத்தான் கணக்கு.

கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தந்த திருவழிபாட்டு ஏடு, கிறிஸ்து கூடியிருக்கும் சபையிலும், குருவிலும், வாசிக்கப்படும் இறைவார்த்தையிலும், எல்லாவற்றுக்கும் மேலாக, பூசையில் அர்ச்சிக்கப்படும் அப்பமான நற்கருணையிலும் இருக்கிறார் என்கிறது. பூசைக்குப் பிந்தி வந்து நற்கருணைக்கு மட்டும் வரிசையில் நிற்பவர், முதல் வாசகத்திலேயே அவரைத் தவறவிட்டிருக்கிறார். கால் மணி நேரம் முன்னதாகவே உட்கார்ந்து, அன்றைய நற்செய்தியை ஒருமுறை வாசித்துவிடுங்கள். திருவிழாவில் ஒலிபெருக்கி எதிரொலியில் பாதி வார்த்தை காதில் விழாது; அப்போது இது கைகொடுக்கும். குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தையும் திருவிழா நெரிசலுக்கு வைக்காமல் சொந்தப் பங்கிலேயே முடித்து வருவது நல்லது.

நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் கூடாது. வழிப்பயணக் களைப்பில் வாசலில் குடிக்கும் டீயில்தான் பலருக்கு இது முறிகிறது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. கையில் வாங்குவதானால் வலக்கை மேல் இடக்கை. 'ஆமென்' சொல்லி அங்கேயே உட்கொள்ள வேண்டும். வீட்டில் படுத்திருப்பவருக்கென்று கைக்குட்டையில் மடித்து எடுத்துப் போவது பக்தியல்ல, பெரும் பிழை; அதற்குச் சாமியாரிடம் சொன்னால் வீட்டுக்கு வருவார். பிற சமயத்தார் இருக்கையிலேயே இருந்து செபிக்கலாம். ஓரியூரில் அவர்கள் கூட்டமும் அதிகம், யாரும் முகம் சுளிப்பதில்லை.

நற்கருணைக்குப் பின் வரும் மௌனத்தைத்தான் நம் ஆலயங்களில் அதிகம் கெடுக்கிறோம். பாடகர் குழு பாட்டை நீட்டும், பின்வரிசை செருப்பைத் தேடிக் கிளம்பும். அந்த நேரம் கண்ணை மூடி, கேட்க வந்த விண்ணப்பத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். மனம் அலைந்தால் 'இயேசுவே' என்று மூச்சோடு சேர்த்துச் சொல்லலாம். போதவில்லை என்றால் பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும், நற்கருணையை வைத்திருக்கும் பேழைக்கு முன் அரை மணி உட்காருங்கள். பேழை அருகே விளக்கு எரிந்தால் நற்கருணை உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். வலது முழங்காலிட்டு வணங்குவது வழக்கம், முடியாதவர் கைகூப்பித் தலை தாழ்த்தினால் போதும்.

இதற்கெல்லாம் பிப்ரவரித் திருவிழா தோதான நாளல்ல. சாதாரண வாரநாள் காலையில் வாருங்கள். தொண்டி, திருவாடானைப் பக்கமிருந்து வருகிறவர்கள் திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பூசை நடுவில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்காது.