ஆர்பிட்டல் என்ற அண்ணன் தம்பி

எலக்ட்ரானிக் இசை என்றால் பொத்தானை அமுக்கிவிட்டுச் சும்மா நிற்பதுதானே என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் பெயர் ஆர்பிட்டல். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், செவனோக்ஸைச் சேர்ந்த ஃபில் ஹார்ட்னால், பால் ஹார்ட்னால். லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலைக்கு 'லண்டன் ஆர்பிட்டல்' என்றும் பெயர், அதைத்தான் வைத்துக்கொண்டார்கள், 80களின் கடைசியில் ரேவ் எனும் இரவு நடன விருந்துகளைத் தேடிக் கூட்டமெல்லாம் அலைந்தது அந்தச் சாலையில்தான்.

வீட்டு மாடிப்படிக்கு அடியில் அப்பாவின் கேசட் டெக்கில் பதிவு செய்த 'சைம்' என்ற இசைத்தடம் 1990-ல் பிரிட்டிஷ் தரவரிசையில் 17-ஆம் இடம் வரை போனது. பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' இசை நிகழ்ச்சி மேடையில், ஆளுக்கு இவ்வளவு என்று தாட்சர் அரசு போட்ட தலைவரிக்கு எதிரான டி-ஷர்ட்டோடு நின்றார்கள், அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் 1994 கிளாஸ்டன்பரி இசை விழா! இருட்டு மேடை, போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடியின் இரு பக்கமும் சின்ன டார்ச், தலை அசையும்போதெல்லாம் நாலு வெளிச்சப் புள்ளிகள் ஆடும், எந்தத் துணுக்கு எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதை ஒலிகளைக் கலக்கும் மிக்சர் முன்னால் நின்று அந்த நேரத்திலேயே முடிவு செய்வார்கள். அதே ஆண்டு ரேவ்களை ஒடுக்க வந்த சட்டத்துக்கு எதிர்ப்பாக வெறும் மௌனத்தையே ஒரு ரீமிக்ஸாக வெளியிட்டார்கள்.

2004-ல் பிரிந்தார்கள், 2009-ல் சேர்ந்தார்கள், 2014-ல் மறுபடி பிரிவு, 2017-ல் மறுபடி சேர்ந்துவிட்டார்கள். இடையில் 2012 லண்டன் பாராலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் ஸ்டீபன் ஹாக்கிங்கின் குரலோடு வாசித்தார்கள். சரி, புதிதாகக் கேட்பவர்கள் 1993-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் தொடங்குங்கள், நல்ல ஹெட்போனில், முழுசாக.