அஞ்சாம் மைல் குறிப்புகள்

மார்ச் 9

மூணாறுக்குப் பக்கத்து இரவிகுளம் பூங்காவின் கதவு இன்னும் மூடித்தான் கிடக்கிறது.

மார்ச் 10

ஏப்ரல் முதல் வாரம் ஒரு நாள் டூர் கேட்ட நாலு பேருக்குப் பதில் எழுத வேண்டும். முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது: தனி வண்டி, தனி வழிகாட்டி என்பதெல்லாம் பூங்கா வாசலான அஞ்சாம் மைல் வரைக்கும்தான். அங்கே வண்டியை ஓரங்கட்டிவிட்டு வனத்துறை பஸ்ஸில் எல்லாரோடும் சேர்ந்துதான் ராஜமலைக்கு ஏற முடியும். இரவிகுளம் பூங்கா 97 சதுர கிலோமீட்டர்; அதில் சுற்றுலா வருகிறவர் கால் படுவது பெரும்பாலும் அந்த ஒரு துண்டு ரோட்டில்தான். ஆனமுடி, 2,695 மீட்டர், கண்ணுக்கு நேரே நிற்கும். ஏற அனுமதி கிடையாது. இதை மறைத்துக் கூட்டி வந்தால் பஸ் வரிசையிலேயே முகம் வாடிவிடும். அந்த வாட்டம் சாயங்காலம் வரை தெளியாது.

அப்படியென்றால் தனி டூரில் என்னதான் கிடைக்கிறது என்று கேட்பார்கள். நேரம் கிடைக்கிறது. முதல் பஸ்ஸைப் பிடிக்கலாம். ஒரே பாறையைப் பார்த்து நாற்பது நிமிஷம் நிற்கலாம். கால் வலித்தால் யாரையும் கேட்காமல் திரும்பலாம். பெரிய கூட்டத்தோடு வருகிறவருக்கு இந்த மூன்றும் இல்லை.

மார்ச் 12

மஞ்சு, அதாவது மூடுபனி, ஒன்பது ஐம்பதுக்கு ஏறியது.

மார்ச் 13

இன்று பத்து ஐந்து. தினமும் குறித்து வைக்கிறேன். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சரிவோடு மேலே வருகிறது. மேட்டைத் தொட்டதும் குளிர்ந்து மஞ்சாகிறது. அதனால் இந்த மாதங்களில் காலை தெளிவு, மதியம் மூட்டம். பதினோரு மணிக்கு மேலே போனவர் "ஒன்றுமே தெரியவில்லை" என்று சொன்னால் அது பூங்காவின் குறை இல்லை, கிளம்பிய நேரத்தின் குறை. புல்மேட்டில் தீத்தடுப்புக் கோடு எரித்த புகை இன்னொரு பக்கம். தூரத்து மலைகள் பால் கலந்த மாதிரி மங்கி நிற்கின்றன.

மார்ச் 15

வனத்துறை வாட்சர் ஒருவர் சொன்னார்: "சார், அந்த ஒத்தக் கொம்பு இந்த வருஷமும் குட்டி போட்டிருக்கு." இடது கொம்பு பாதியில் முறிந்த பெட்டை வரையாடு. போன வருஷம் ரோட்டோரத்திலேயே மேயும். குட்டி தேறிவிட்டதா என்று கேட்டேன். பத்து நாளாகக் கண்ணில் படவில்லையாம்.

பிப்ரவரியும் மார்ச்சும் பூட்டி வைப்பது எதற்கென்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் இணை சேரும். ஆறு மாதச் சினை. குளிர் முடிகிற இந்தச் சமயத்தில்தான் பெரும்பாலான குட்டி பிறக்கிறது. அநேகமாக ஒரு குட்டிதான். ரோட்டின் மேல் பக்கம் தாய், கீழ்ப் பக்கம் குட்டி என்று இருக்கும்போது நடுவே முப்பது பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றால் தாய் இறங்காது, குட்டி ஏறாது. தனியாக நிற்கும் குட்டிக்கு சிறுத்தையும் செந்நாயும் அதிக நேரம் கொடுப்பதில்லை. இரண்டு மாதப் பூட்டு அதற்குத்தான். இன்னும் பத்து நாள் நீட்டினாலும் குறை சொல்ல மாட்டேன்.

மார்ச் 17

கேட்டேன். பூங்கா திறக்கும் தேதி இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 19

நாலு பேரில் ஒரு அம்மாவுக்கு முட்டி தேய்மானமாம். மகள் போனில் சொன்னார். இரண்டு நாளாக இதே யோசனை.

ராஜமலை ரோடு தார் ரோடு, படி கிடையாது. ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், முட்டியை அவ்வளவு படுத்தாது. படுத்துவது இறக்கம். ஏறும்போது "எனக்கு ஒன்றுமில்லை, போகலாம்" என்று சொல்கிறவர்தான் திரும்பும்போது பாதி வழியில் ரோட்டோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆகவே வலி வந்த பிறகு திரும்புவது என்ற கணக்கே தப்பு. முன்கூட்டியே ஒரு வளைவைக் குறித்துக்கொண்டு, நன்றாக இருக்கும்போதே அங்கே திரும்பிவிட வேண்டும்.

கைத்தடி இரண்டு. இறங்கும்போது ஏறும்போது பிடித்ததைவிட நாலு விரல் நீளமாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு முன்னால் சாய்ந்து பாரமெல்லாம் முட்டியில் இறங்கும். காலடி சின்னதாக, முட்டி லேசாக மடிந்தபடி. செங்குத்தான இடத்தில் ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கோணலாக நடந்தால் சரிவு குறையும். செருப்பு வேண்டாம், குதிகால் பிடிக்கிற ஷூ போதும். மூணாறே கிட்டத்தட்ட 1,500 மீட்டர், ராஜமலை அதற்கும் மேலே. உயர நோய் வருகிற உயரம் இல்லை. ஆனால் சமவெளியிலிருந்து நேற்று வந்தவருக்கு முதல் கால் மணி மூச்சு இரைக்கும். அந்தக் கால் மணி பேசாமல் நடந்தால் பிறகு சரியாகிவிடும்.

அந்த அம்மாவிடமே நேரில் பேச வேண்டும். மகள் வழியாகக் கேட்டால் சரியான பதில் வராது.

மார்ச் 20

பேசினேன். "இறங்கும்போதுதான் தம்பி வலிக்கும்" என்றார். நல்லது.

மார்ச் 22

பைனாகுலர் துடைத்தேன். 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது, போதும். பத்து மடங்கு வைத்துக்கொண்டு காற்றில் நின்றால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். புதிதாகப் பிடிக்கிறவருக்கு ஆடு சிக்கவே சிக்காது.

ஆட்டைத் தேடுகிற முறை: முழு மலையையும் துழாவக் கூடாது. பாறை முடிந்து புல் தொடங்குகிற விளிம்பு இருக்கிறதே, அதை மட்டும் இடமிருந்து வலமாக ஒரு தரம், திரும்ப ஒரு தரம். மேய்வது புல்லில், ஆபத்து என்றால் ஓடுவது பாறைக்கு. அதனால் இரண்டுக்கும் நடுவிலேயே நிற்கும். அதிகாலையும் சாயங்காலமும் மேய்ச்சல். வெயில் ஏறிவிட்டால் பாறை நிழலில் படுத்து அசை போடும். படுத்த ஆடும் பழுப்புப் பாறையும் ஒரே நிறம். மந்தை மேயும்போது ஒன்று மட்டும் தலை தூக்கி நிற்கும். அதைக் கண்டுபிடித்தால் மற்றவை தானாகத் தெரியும். முதுகில் வெளிறிய சேணம் போட்ட மாதிரி கறுத்த பெரிய கிடா, நூறு கிலோ வரை போகும், இந்த மாதங்களில் பெட்டைகளோடு இருக்காது. கிடா பார்க்கத்தான் வந்தோம் என்கிறவருக்கு இதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 24

மதியம் மூன்றுக்கு இடி. கோடை மழை தொடங்கிவிட்டது. புல்மேட்டில் மனிதன்தான் உயரமான பொருள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் மேட்டில் நிற்கக் கூடாது. தனி மரத்தடியும் கூடாது. வண்டிக்குள் போய்விட வேண்டும். குடையை விரித்துக்கொண்டு மலைமுகட்டில் நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

மழை என்றால் அட்டையும் உண்டு. அட்டை உறை ஆறு ஜோடி எடுத்து வைத்தேன். முட்டிவரை இழுத்து, பேண்டை உறைக்குள் விட வேண்டும். உறைக்கு வெளியே விட்டால் போட்டும் பயனில்லை. கடித்துவிட்டால் இழுக்கக் கூடாது, நகத்தை அதன் வாய்க்கும் தோலுக்கும் நடுவே கொடுத்துத் தள்ளினால் போதும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது. பயப்பட ஒன்றுமில்லை, உறையாமல் இருக்கத்தான் அது எச்சிலை விட்டிருக்கிறது.

மார்ச் 25

ஒத்தக் கொம்பு பற்றிச் செய்தி இல்லை.

மார்ச் 26

டாப் ஸ்டேஷன் பக்கம் போய்க் குறிஞ்சிச் செடியைப் பார்த்து வந்தேன். முட்டி உயரம். தண்டு நாலு பட்டை, கணுவுக்குக் கணு தடித்திருக்கிறது. இலை தொட்டால் தோல் மாதிரி, ஓரம் ரம்பப் பல், பின்பக்கம் நரம்புகள் புடைத்து வெளிறித் தெரிகின்றன. மொட்டின் அடையாளம்கூட இல்லை. 2006இல் பூத்து, 2018இல் பூத்து, விதையை உதிர்த்துவிட்டுச் செத்துப்போன செடிகளின் பிள்ளைகள் இவை. அடுத்தது 2030. "குறிஞ்சி பார்க்க முடியுமா" என்று ஒவ்வொரு டூரிலும் கேட்கிறார்கள். நீலப் பூவாக இப்போது பார்க்க முடியாது, செடியாகப் பார்க்கலாம். பூக்காத பதினொரு வருஷமும் அது உயிரோடுதான் இருக்கிறது என்பதைக் கையால் தொட்டுக் காட்டினால் பிள்ளைகள் உடனே கேட்டுக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்குப் பூ வேண்டும்.

சோலை விளிம்பில் காட்டுப்பூவரசு கடைசிச் சிவப்பில் நிற்கிறது. ஏப்ரலில் இருக்காது.

மார்ச் 28

மதியத் திட்டம். ராஜமலையிலிருந்து பத்தரைக்கு இறங்கினால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு திசைக்கான நேரம்.

ஒன்று, மறையூர் வழி சின்னாறு. மூணாறிலிருந்து மறையூர் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். மழை மறைவு பூமி, முள்காடு, சாம்பல் அணில். காலையில் குளிரில் நடுங்கியவர் மதியம் அங்கே வியர்த்துக் கொட்டுவார். அந்த மாற்றமே பார்க்க வேண்டியது. ராஜமலை மேட்டில் விழுகிற மழையில் ஒரு பங்கு கிழக்கே பாம்பாற்றில் இறங்கி அமராவதி வழியே காவிரிக்குப் போகிறது, இன்னொரு பங்கு மேற்கே பெரியாற்றுக்கு. சின்னாறு ரோட்டில் நின்று சொன்னால் பாம்பாறு கண்ணெதிரே ஓடும், விளக்கமே தேவையில்லை.

இன்னொன்று, மாட்டுப்பெட்டி, டாப் ஸ்டேஷன், பாம்பாடும் சோலை. டாப் ஸ்டேஷன் மூணாறிலிருந்து 32 கிலோமீட்டர். பாம்பாடும் சோலை 2003இல் தேசியப் பூங்கா ஆனது, பரப்பு 1.318 சதுர கிலோமீட்டர்தான். இவ்வளவு சின்ன இடத்தில் என்ன இருக்கும் என்று நினைத்தால், புல்மேட்டில் கிடைக்காத அத்தனையும் அங்கே: கருமந்தி, பாசி போர்த்த மரம், மரத்துக்கடியில் ஈப்பிடிப்பான் பறவையின் கூர்மையான விசில்.

இரண்டையும் ஒரே நாளில் செய்து தருவதாகச் சிலர் விற்கிறார்கள். அதில் ஏழெட்டு மணி நேரம் வண்டிக்குள் போய்விடும். அது காடு பார்ப்பது இல்லை.

முட்டியை நினைத்தால் இரண்டாவது வழிதான். ரோட்டை விட்டு இருபது அடி நடந்தாலே சோலை.

வண்டி: இறக்கத்தில் செகண்ட் கியர். நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடும், கருகல் வாடை வரும்போது தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். வாந்தி வருகிறவரை முன் சீட்டில் உட்கார வைத்து, போனை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 30

ஏப்ரல் 1 என்று சொல்லிவிட்டார்கள்! முதல் ஸ்லாட் நாலு டிக்கெட் இரண்டாம் தேதிக்கு. மூன்றாம் தேதி பெரிய வெள்ளி; அன்றைக்கு அஞ்சாம் மைலில் வண்டி திரும்பவே இடம் இருக்காது. நல்லவேளை, வியாழனுக்கு ஒத்துக்கொண்டார்கள்.

மார்ச் 31

தூக்கம் வரவில்லை. மஞ்சு எட்டரைக்கே வந்துவிட்டால்?

ஏப்ரல் 1

திறந்தாயிற்று.

ஏப்ரல் 2

6.40 கிளம்பல். முதல் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. மேலே இறங்கும்போது வானம் கழுவி விட்ட மாதிரி.

8.25 முதல் வளைவுக்கு மேலே பதினேழு ஆடு, அதில் குட்டி ஐந்து. அம்மா தடியை ஊன்றி அங்கேயே நின்றுவிட்டார். நாங்களும் நின்றோம். பின்னால் வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகுதான் குட்டிகள் இறங்கின. ஒரு குட்டி கைக்கெட்டும் தூரத்துப் பாறையில் ஏறியது. குளம்பு தெளிவாகத் தெரிந்தது: ஓரம் நகம் போலக் கெட்டி, நடுவில் ரப்பர் போன்ற சதை. ஓரம் பாறையின் பிளவில் மாட்டிக்கொள்கிறது, நடுச்சதை வழுக்காமல் அப்பிக்கொள்கிறது. இரண்டு பாதியும் விரிந்து தனித்தனியாக அழுந்துவதைக்கூடப் பார்க்க முடிந்தது. நாலு காலும் ஒரு தட்டு அளவு இடத்தில். சங்கப் பாட்டுக்காரர்கள் வருடை என்று சொன்னது இதைத்தான் என்றதும் அம்மா அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

வேறொரு கூட்டத்துப் பையன் பிஸ்கட் நீட்டினான். வாட்சர் வருவதற்குள் ஒரு பெட்டை வாங்கித் தின்றுவிட்டது. உப்பும் மாவும் ருசி கண்டால் அது ரோட்டை விட்டுப் போகாது. குட்டியும் பாறையைக் கற்றுக்கொள்ளாமல் ரோட்டைக் கற்றுக்கொள்ளும். பையனைத் திட்டிப் பயனில்லை. பையில் பிஸ்கட் இருக்கிறதா என்று பஸ் ஏறும் முன்பே பார்த்து வாங்கி வைப்பதுதான் ஒரே வழி.

9.35 மஞ்சு. பதினைந்து நிமிஷம் பொறுக்கச் சொன்னேன். கண்ணுக்கு ஒன்றும் இல்லாதபோது காது திறந்துகொள்ளும்: புல் பிடுங்கும் சத்தம், நெட்டைக்காலிக் குருவி ஒன்று எங்கோ புல்லுக்குள் கீச்சிட்டது. விலகவில்லை. குறித்த வளைவு வரை போகாமலே திரும்பினோம். இறக்கத்தில் கோணல் நடை வேலை செய்தது.

12.50 மாட்டுப்பெட்டி தாண்டி ரோட்டோரம் கொம்பன் யானை. ஹார்ன் இல்லை, லைட் இல்லை, பின்னால் நகர இடம் விட்டு நிறுத்தினோம். நாற்பது நிமிஷம் போனது. அதனால் பாம்பாடும் சோலையில் அரை மணிதான். கருமந்தி கேட்டது, காணவில்லை.

ஒத்தக் கொம்பு அந்தப் பதினேழில் இல்லை. இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

ஏப்ரல் 3

பெரிய வெள்ளி. அஞ்சாம் மைல் பக்கமே போகவில்லை.

ஏப்ரல் 4

வாட்சரிடம் கேட்டேன். "கேட்டுக்கு மேல பாறைல ஒண்ணு நிக்குது சார். கொம்பு சரியாத் தெரியல. கூட குட்டி இருக்கு."

இடது பக்கமா என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 6

ராத்திரி முழுக்க மழை. அட்டை உறை இரண்டு ஜோடி காயவில்லை. நாளைக்கு ஆறு பேர், முதல் ஸ்லாட்.