முறுக்குப் பை

ஜூன் 8, ஞாயிறு

பள்ளி திறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் பாப்பாவின் புத்தகப் பையில் ஐந்து பிளாஸ்டிக் கவர். இடைவேளைத் தீனிக்கு நாளுக்கு ஒன்று என்று நானே போட்டுக் கொடுத்தவை. இவ்வகைக் கவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. கடைக்கு மஞ்சப்பையோடு போகிற நான் முறுக்கை மட்டும் கவரில் கட்டுவது மனசுக்கு உறுத்தியது. தண்டையார்பேட்டையில் இருக்கிறோம், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தால் ஜன்னலைச் சாத்துகிறவர்கள் நாங்கள்தான்.

தீனிக்குத் துணிப் பை தைக்கலாம் என்று மாலையில் எம்.சி. ரோடு போய் ஒரு மீட்டர் காடாத் துணி வாங்கினேன். சாயம் போடாத துணி, தீனிக்கு அதுதான் நல்லது. இரவே தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டேன். காடா சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் பை கோணிக்கொள்ளும்.

ஜூன் 10, செவ்வாய்

முதல் பை தைத்தாயிற்று. வாய்க்கு வெல்க்ரோ வைத்தேன், உள்ளே வெட்டிய ஓரம் பிரியாமலிருக்க நூலைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் அடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஜூன் 11, புதன்

பாப்பா திரும்பி வந்ததும் சொன்னது: "அம்மா, முறுக்குல நூலு." பையைப் புரட்டிப் பார்த்தேன். ஓவர்லாக் இழைகளுக்குள் முறுக்குத் தூள், வெல்க்ரோ பற்களிலும் தூள். உதறினாலும் போகவில்லை. ராத்திரி கொடியில் மாட்டியிருந்த பையில் எறும்பு வரிசை.

ஜூன் 14, சனி

அத்தை பல வருஷம் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர். பையைக் கையில் வாங்கி உள்பக்கம் விரலை ஓட்டினார். "வெட்டின ஓரம் உள்ள தெரியவே கூடாதும்மா. ரெண்டு தடவ ஓட்டு."

மிஷினில் உட்கார்ந்து அவரே காட்டினார். முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி மடித்து, பக்கவாட்டில் கால் அங்குலத்துக்கும் குறைவாக ஒரு தையல். நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் ஒட்ட நறுக்க வேண்டும். அப்புறம் பையைப் புரட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தி, அதே ஓரத்தில் கால் அங்குலம் விட்டு இன்னொரு தையல். பிசிறு முழுக்க இரண்டு தையலுக்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. திரும்பவும் புரட்டினால் உள்ளே ஒரு நூல்கூட இல்லை!

வெல்க்ரோவும் வேண்டாம் என்றார். தலையணை உறையின் வாயில் உள்பக்கமாக ஒரு மடிப்பு வருமே, அதுபோதும். 7 அங்குல அகலம், 19 அங்குல நீளம் வெட்டினோம். இரண்டு முனையிலும் அரை அங்குலம் மடித்து அடித்தது போக, முன்னும் பின்னும் 7, வாய் மடிப்புக்கு 4. மடிப்பு சேரும் மூலையில் துணி ஆறேழு அடுக்காகிவிடும். அங்கே என் 11-ஆம் நம்பர் ஊசி ஒடிந்தது. அதைவிடத் தடிமனான 16 போட்டதும் சரியானது. அந்த மூலையை மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றித் தாண்ட வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். துணி காற்றை விடும். கடற்காற்றில் சாயங்காலத்துக்குள் முறுக்கு நமத்துவிடுகிறது. அதனால் காலையில் கிளம்பும்போதுதான் பையில் போடுகிறேன். பதினோரு மணி இடைவேளை வரை மொறுமொறுப்பு போகவில்லை. பொரி, வேர்க்கடலை, கொய்யாத் துண்டுக்குக் கவலையே இல்லை. சுண்டலுக்கு டப்பாதான்.

எண்ணெய்க் கறைக்கு வெந்நீரில் சோப்பு போட்டு ஊறவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி மொட்டை மாடி வெயிலில் போடுகிறேன். இன்று கொடியில் ஆறு பை. மீதித் துணியில் எதிர்வீட்டு அக்காவின் பையனுக்கு இரண்டு வெட்டி வைத்திருக்கிறேன்.