காட்டுப்புறாவுக்கு வெறுந்தரை வேண்டும்

இங்கிலாந்தின் கிழக்குப் பண்ணைகளில் ஐரோப்பியக் காட்டுப்புறாவுக்கென்று (டர்ட்டில் டவ்) நிலம் ஒதுக்குபவர்கள் பெருமையோடு காட்டுவது, பெரும்பாலும் பூத்துக் குலுங்கும் க்ளோவர் என்ற தீவனச் செடிப் பாத்தியைத்தான். தேனீக்கு அது விருந்து. புறாவுக்கோ அங்கே கால் வைக்க இடமில்லை. தரையில் நடந்து, உதிர்ந்து கிடக்கும் விதையைக் கொத்தித் தின்கிற பறவை அது. செடி அடர்ந்துவிட்டால், விதை இருந்தும் பட்டினிதான்.

1960-களில் ஓர் இணை ஒரு பருவத்தில் சராசரியாக 2.9 முறை கூடு கட்டியது. 1990-களின் இறுதியில் 1.6 முறை. ஒரு கூட்டுக்கு இரண்டே முட்டை என்பதால் இது பேரிழப்பு. களைக்கொல்லி வயல்களைச் சுத்தமாக்கியபோது புறாவின் சாப்பாடும் சேர்ந்து போனது. கடுகளவு உருண்டை விதை தரும் ஃபியூமிட்டரி என்ற களைச்செடிதான் அன்று அதன் முக்கிய உணவு. உலக அளவில் 2015 முதல் இந்தப் புறா அழிவாய்ப்புள்ள இனம். 2021 கணக்கெடுப்பில் பிரிட்டன் முழுக்கத் தேறியவை ஏறக்குறைய 2,100 இணைகள்.

ஃபியூமிட்டரியை வரவழைக்கப் பெரிய செலவில்லை. வளம் குறைந்த மூலையைத் தேர்ந்து, மார்ச்சுக்குள் மேலோட்டமாக உழுது, எதையும் விதைக்காமல் விடலாம். மண்ணில் உறங்கும் களை விதைகள் தாமே முளைக்கும். உரம் கூடவே கூடாது. உரமிட்ட மண்ணில் புல் முந்திக்கொள்ளும். க்ளோவர் கலவை விதைப்பதானால் செப்டம்பரில், மிக மெல்லிசாக. அடர்ந்தால் பாதியை வெட்டி, வெட்டியதை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். அங்கேயே விட்டால் மெத்தைபோல் மண்ணை மூடிவிடும்.

சஹாராவுக்குத் தெற்கிலிருந்து பறந்து இளைத்து வரும் புறாக்களுக்கு மே தொடக்கத்திலிருந்தே கோதுமை, தினை, கேனரி விதை தூவுவது கைகொடுக்கிறது. குவித்துப் போடுவதுதான் தவறு. மரப்புறாவும் ஃபெசன்ட் கோழியும் கூடிக் கொத்தும் இடத்தில் டிரைக்கோமோனாஸ் கிருமி பரவும். தொண்டையில் மஞ்சள் கட்டி அடைத்து, விழுங்க முடியாமல் பறவை சாகும். பரவலாகத் தூவுங்கள், இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

கூட்டுக்கு 4 மீட்டருக்குக் குறையாத, அடர்ந்த முள் உயிர்வேலி வேண்டும். எல்லா வேலியையும் வருடாவருடம் கத்தரிக்கும் பழக்கத்தை விடுவதே பாதி வேலை. அருகில் கரை சரிவான குட்டை இருந்தால் நல்லது. செங்குத்துக் கரையில் புறா இறங்காது.

பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகலில் 2021 முதல் 2024 வரை வேட்டை நிறுத்தப்பட்டிருந்தபோது மேற்கு ஐரோப்பாவில் எண்ணிக்கை ஏறியது. துப்பாக்கிக்குத் தப்பி வருவதற்கு இங்கே இரை இருக்க வேண்டுமே.

ஜூன் நடுவில் பாத்தி ஓரம் குனிந்து, புறாவின் கண்மட்டத்தில் பாருங்கள். தண்டுகளுக்கிடையே இரண்டடி தூரமாவது மண் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், அடுத்த மார்ச்சில் அந்தப் பாத்தியை மறுபடி உழுதுவிடுங்கள்.