அல்நிடாக்கைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம்

மூன்று இரவாகக் குதிரைத்தலை நெபுலாவை, அதாவது விண்வெளியில் இருக்கும் ஒரு வாயு, தூசி மேகத்தை, தொலைநோக்கி வழியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். படங்களை அடுக்கி வெளிச்சத்தைக் கூட்டினால், ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டையில் கிழக்கு ஓரத்தில் இருக்கும் அல்நிடாக் என்ற விண்மீனைச் சுற்றிப் பெரிய வெள்ளை வட்டம். பக்கத்துத் தீச்சுடர் நெபுலாவில் பாதி அதற்குள் போய்விட்டது. மனசே கேட்கவில்லை.

லென்ஸில் பனி படிந்திருக்குமோ என்று பார்த்தேன். இல்லை, மங்கலான விண்மீன்கள் எல்லாம் ஊசி முனை மாதிரி இருந்தன. சரி என்று அல்நிடாக்கைப் படத்தின் மூலைக்குத் தள்ளினேன். வட்டம் எதிர்மூலைக்கு ஓடினால் பெரும்பாலும் தொலைநோக்கியின் லென்ஸ்களுக்குள்தான் கோளாறு. இங்கே வட்டம் விண்மீனோடு கூடவே வந்தது. அப்படியென்றால் ஒளியைத் திருப்பி அனுப்புவது கேமராவில் படம் பதியும் சென்சாருக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு தட்டையான கண்ணாடி.

அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வட்டமே சொல்லிவிடும்! குறுக்களவு 880 பிக்சல். ஒரு பிக்சல் 3.76 மைக்ரான், ஆக 3.3 மி.மீ. என் தொலைநோக்கி எஃப்/6, அதாவது அதன் குவியத்தூரம் முன்லென்ஸின் விட்டத்தைப்போல் ஆறு மடங்கு. ஆறால் பெருக்கி, சென்சாரில் பட்ட ஒளி அந்தக் கண்ணாடிவரை போய்த் திரும்புவதால் இரண்டால் வகுத்தால் சுமார் 10 மி.மீ. கேமரா மூக்கில் நான் திருகியிருந்த ஃபில்டர் சரியாக அங்கேதான் இருக்கிறது.

அதைக் கழற்றி, பளபளப்பான முகம் தொலைநோக்கியைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினேன். வட்டம் முழுதாகப் போகவில்லை, ஆனால் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. தீச்சுடரின் நடுவே கிளை கிளையாக ஓடும் கரிய தூசிப் பட்டையை நேற்று ராத்திரிதான் முதல்முறையாக என் படத்தில் பார்த்தேன்.